ஆலோசகரை நியமிக்கச் சொல்கிறது தில்லி. அவரை உருவாக்குவது யார்?

புது தில்லி: 2025-ம் ஆண்டு ஜூலை மாதம் தலைநகரில் இரண்டு நாள் இடைவெளியில் இரண்டு முடிவுகள் எடுக்கப்பட்டன. ஜூலை 23-ம் தேதி கூடிய பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி), உளவியல் உள்ளிட்ட சுகாதாரம் சார்ந்த படிப்புகளைத் தொலைநிலைக் கல்வி வழியாகவும் இணையவழியாகவும் இனி நடத்தக் கூடாது என்று தீர்மானித்தது. ஜூலை 25-ம் தேதி உச்ச நீதிமன்றம், 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் பயிலும் ஒவ்வொரு கல்வி நிறுவனமும் தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது நியமித்தாக வேண்டும் என்று உத்தரவிட்டது.

தனித்தனியே பார்த்தால் இரண்டு முடிவுகளிலும் நியாயம் இருக்கிறது. சேர்த்துப் பார்த்தால் ஒரு சிக்கல் தெரிகிறது. உளவியல் படித்தவர்களின் தேவையை உச்ச நீதிமன்றம் ஒரே நாளில் பல மடங்கு உயர்த்தியது. அதற்கு 2 நாள் முன்புதான், அந்தப் படிப்புக்குள் நுழைவதற்குச் சாதாரணக் குடும்பத்து மாணவர்களுக்கு இருந்த மலிவான வழி மூடப்பட்டது. மூடிய வழிக்கு ஈடாகக் கல்லூரிகளில் எத்தனை இடங்கள் கூடுதலாகத் திறக்கப்படும் என்பதற்கு அந்த இரு முடிவுகளிலும் பதில் இல்லை.

இந்தச் சிக்கல் தில்லியிலோ பெங்களூரிலோ அவ்வளவாக உணரப்படாது. ஆந்திரத்தின் சித்தூர், திருப்பதி போன்ற இடங்களில்தான் அதன் முழு அளவும் தெரியும்.

ஆந்திரத்தில் தொடங்கிய வழக்கு

உச்ச நீதிமன்றத்தின் உத்தரவு பிறந்ததே ஆந்திரத்தைச் சேர்ந்த ஒரு வழக்கில்தான். விசாகப்பட்டினத்தில் விடுதியில் தங்கி நீட் தேர்வுக்குத் தயாராகி வந்த மேற்கு வங்கத்தைச் சேர்ந்த 17 வயது மாணவி 2023 ஜூலையில் உயிரிழந்தார். விசாரணையை மத்திய புலனாய்வுத் துறைக்கு மாற்றக் கோரித் தந்தை தொடுத்த வழக்கு, உயர் நீதிமன்றத்தைக் கடந்து தில்லி வந்தது. நீதிபதிகள் விக்ரம் நாத், சந்தீப் மேத்தா அமர்வு சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது. அதோடு நிற்காமல், மனநலம் என்பது அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பிரிக்க முடியாத அங்கம் என்று அறிவித்து, நாடு முழுவதற்கும் பொருந்தும் 15 நெறிமுறைகளையும் வகுத்தது.

பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லை குறித்து 1997-ல் விசாகா வழக்கில் பிறப்பித்ததைப் போலவே, சட்டம் இயற்றப்படும் வரை இந்த நெறிமுறைகள் கட்டுப்படுத்தும் என்று நீதிமன்றம் கூறியது. பள்ளி, கல்லூரி, பல்கலைக்கழகம், பயிற்சி மையம், விடுதி என எதற்கும் விலக்கு இல்லை. 100-க்கும் குறைவான மாணவர்களைக் கொண்ட நிறுவனங்கள் வெளியிலுள்ள மனநல நிபுணர்களுடன் முறையான தொடர்பு வைத்திருக்க வேண்டும். மதிப்பெண் அடிப்படையில் மாணவர்களைத் தனி வகுப்புகளாகப் பிரிக்கக் கூடாது. ஊழியர்கள் அனைவருக்கும் ஆண்டுக்கு இரு முறையாவது பயிற்சி தர வேண்டும். டெலி-மனாஸ் உள்ளிட்ட உதவி எண்களை வகுப்பறையிலும் விடுதியிலும் பெரிதாக எழுதி வைக்க வேண்டும். (டெலி-மனாஸின் எண் 14416. 2022 அக்டோபர் 10 முதல் செயல்படும் இந்த இலவசச் சேவையில் தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம்.)

தீர்ப்பு எடுத்துக்காட்டிய தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு கவலைக்குரியது. 2022-ல் நாட்டில் தற்கொலை செய்துகொண்ட 1,70,924 பேரில் 13,044 பேர் மாணவர்கள். தேர்வில் தோற்றதால் நேர்ந்த மரணங்கள் மட்டும் 2,248. ஆந்திரத்துக்கு இது புதிய துயரம் அல்ல. 2023 ஏப்ரலில் இன்டர்மீடியட் தேர்வு முடிவுகள் வெளியான இரண்டே நாளில் அந்த மாநிலத்தில் 9 மாணவர்கள் உயிரை மாய்த்துக்கொண்டதாக வந்த செய்தி நாட்டையே உலுக்கியது.

"தகுதி பெற்ற" என்றால் யார்?

தீர்ப்பின் முக்கியமான சொல் "தகுதி பெற்ற" என்பதாகும். ஆனால் அந்தத் தகுதி எது என்பதில்தான் இந்தியாவில் தெளிவு இல்லை.

2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் (2017), மருத்துவ உளவியலாளர் யார் என்பதைத் தெளிவாக வரையறுக்கிறது. இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த நிறுவனத்தில் மருத்துவ உளவியல் தகுதி பெற்றவர், அல்லது உளவியலில் முதுநிலைப் பட்டம் பெற்ற பின் நோயாளிகளிடையே மேற்பார்வையுடன் கூடிய 2 ஆண்டு முழுநேர எம்.பில். பயிற்சி முடித்தவர் என்பது அந்த வரையறை. இவருக்கும் மனநல மருத்துவருக்கும் உள்ள வேறுபாட்டைப் பலரும் அறிவதில்லை. மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேற்படிப்புப் படித்தவர். மருந்து எழுதுபவர் அவரே. உளவியலாளர் சோதனைகள் மூலம் மனநிலையை மதிப்பிட்டு, பேச்சு வழியிலான சிகிச்சை அளிப்பவர். மருந்து தருவது அவருடைய பணி அல்ல.

ஆலோசகருக்கு இத்தகைய வரையறை அந்தச் சட்டத்தில் இல்லை. முதுநிலைப் பட்டம் பெற்றவரும் தம்மை ஆலோசகர் என்று அழைத்துக்கொள்ளலாம். மூன்று மாதச் சான்றிதழ் வாங்கியவரும் அழைத்துக்கொள்ளலாம். இதைச் சீர்செய்யும் நோக்கம் கொண்டதுதான் 2021-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துணைநிலை மற்றும் சுகாதாரப் பணியாளர் தேசிய ஆணையச் சட்டம். நடத்தை நலம் சார்ந்த பணியாளர்கள் என்ற பிரிவில் உளவியலாளர்களையும் ஆலோசகர்களையும் அது சேர்த்தது. மறுவாழ்வு கவுன்சிலின் கீழ் வரும் மருத்துவ உளவியலாளர்களுக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. சட்டம் வந்து ஆண்டுகள் கடந்தும், வேலைக்கு ஆள் எடுக்கும் ஒரு பள்ளி நிர்வாகி பெயரைச் சரிபார்த்துக்கொள்ளும் அளவுக்கு ஆலோசகர் பதிவேடு பழக்கத்துக்கு வரவில்லை.

பிரிட்டனில் 2009 முதல் மருத்துவ உளவியலாளர், கல்வி உளவியலாளர், ஆலோசனை உளவியலாளர் போன்ற பட்டப்பெயர்களைப் பதிவு பெறாதவர் பயன்படுத்துவது குற்றம். அமெரிக்காவில் உளவியலாளராக உரிமம் பெறப் பொதுவாக முனைவர் பட்டம் வேண்டும். இந்தியாவில் அந்தக் கட்டுப்பாடு வருமுன் பணியிடங்கள் வந்துவிட்டன. உத்தரவை நிறைவேற்றியதாகக் கணக்குக் காட்ட, இருக்கும் ஆசிரியர் ஒருவரையே குறுகிய காலப் பயிற்சிக்கு அனுப்பி "ஆலோசகர்" என்று பலகை மாட்டும் ஆபத்து இதனால்தான் எழுகிறது. அந்தப் பலகையை நம்பிக் கதவைத் தட்டும் மாணவனுக்கு ஏற்படும் இழப்பு எந்தக் கணக்கிலும் வராது.

நூல் தானமாக வந்த காலம்

இந்த விவாதத்தில் திருப்பதிக்கு ஒரு பழைய தொடர்பும் உண்டு. குடியரசுத் தலைவராக இருந்த டாக்டர் எஸ். ராதாகிருஷ்ணன் பிறந்த திருத்தணி, பின்னாளில் சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர். 1960 ஏப்ரல் 1-ல் எல்லைகள் மாற்றியமைக்கப்பட்டபோதுதான் அது சென்னை மாநிலத்துடன் இணைந்தது. அவர் பள்ளிக் கல்வியின் சில ஆண்டுகளைத் திருப்பதியில் லூத்தரன் மிஷன் பள்ளியில் கழித்தார்.

கல்லூரியில் எந்தப் பாடத்தை எடுப்பது என்ற கேள்வி எழுந்தபோது அவருக்கு வழிகாட்ட ஆலோசகர் எவரும் இருக்கவில்லை. அந்த ஆண்டு பட்டம் முடித்த உறவினர் ஒருவர் தம் பாடநூல்களை அவருக்குக் கொடுத்தார். அவை தத்துவப் பாடத்துக்குரியவை: ஒன்று தர்க்கம், ஒன்று அறவியல், மற்றொன்று உளவியல். அந்த நூல்களே தம் எதிர்காலத்தைத் தீர்மானித்தன என்று பிற்காலத்தில் அவர் எழுதினார். 1912-ல் உளவியலின் அடிப்படைகள் குறித்து ஆங்கிலத்தில் ஒரு நூலும் வெளியிட்டார். உளவியல் அப்போது தத்துவத் துறையின் ஒரு கிளையாகவே இந்தியாவில் கற்பிக்கப்பட்டது. கல்கத்தாவிலும் மைசூரிலும் பின்னர் சென்னையிலும் அது தனித் துறையாகியது அதற்குப் பிறகே.

சுதந்திரத்துக்குப் பின் 1948-49-ல் அவர் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்வி ஆணையத்தின் பரிந்துரையை அடுத்துத்தான் 1953-ல் யுஜிசி உருவானது. அடுத்த ஆண்டே திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. உளவியல் துறை அங்கு பல பத்தாண்டுகளாகப் பாடமும் ஆராய்ச்சியும் நடத்தி வருகிறது.

ராதாகிருஷ்ணன் காலத்தில் ஏழை மாணவனின் பாடத் தேர்வைக் கையில் கிடைத்த பழைய நூல்கள் தீர்மானித்தன. இன்று அதைத் தீர்மானிப்பது இடமும் தூரமும் கட்டணமும். நிலைமை அடிப்படையில் மாறிவிடவில்லை.

சித்தூர் காட்டும் கணக்கு

2022 ஏப்ரலில் ஆந்திர மாவட்டங்கள் மறுசீரமைக்கப்பட்டபோது சித்தூரிலிருந்து திருப்பதி தனி மாவட்டமாயிற்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, பிரிக்கப்படாத சித்தூர் மாவட்டத்தின் மக்கள்தொகை சுமார் 41.7 லட்சம். நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் வட்டாரங்களில் தமிழ் பேசும் குடும்பங்கள் கணிசமாக உள்ளன.

உலக சுகாதார நிறுவனம் 2017-ல் வெளியிட்ட மனநல வரைபடத்தின்படி, இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு 0.07 உளவியலாளர்களே மனநலத் துறையில் பணியாற்றினர். அந்தச் சராசரியைப் பழைய சித்தூர் மாவட்டத்துக்குப் பொருத்தினால் 41.7 லட்சம் பேருக்கு மூவர் என்று வரும். இது உண்மையான எண்ணிக்கை அல்ல. தேசியச் சராசரி எவ்வளவு சொற்பம் என்பதைக் காட்டும் கணக்கு மட்டுமே. மனநல மருத்துவர்களின் நிலையும் பெரிதாக மாறுபட்டதல்ல. லட்சத்துக்கு 3 பேர் இருக்க வேண்டிய இடத்தில் 0.75 பேரே இருப்பதாக 2023-ல் நாடாளுமன்ற நிலைக்குழு சுட்டிக்காட்டியது.

2015-16-ல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வு, வயதுவந்தோரில் 10.6 சதவீதத்தினருக்கு ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருப்பதாகக் கண்டது. நோய்க்கு ஏற்ப 70 முதல் 92 சதவீதம் பேர் வரை சிகிச்சை பெறவில்லை என்றும் கூறியது. தமிழகம் உள்பட 12 மாநிலங்களில் நடந்த அந்த ஆய்வில் ஆந்திரம் இடம்பெறவில்லை. தேவை எவ்வளவு என்பதே அளக்கப்படாத மாநிலத்தில்தான் உச்ச நீதிமன்ற உத்தரவு நிறைவேற்றப்பட வேண்டியிருக்கிறது.

திருப்பதியை மட்டும் எடுத்துக்கொண்டால், வேங்கடேசுவரா பல்கலைக்கழகம், ஸ்ரீ பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம், தேசிய சம்ஸ்கிருதப் பல்கலைக்கழகம், கால்நடைப் பல்கலைக்கழகம், ஸ்விம்ஸ் மருத்துவ நிறுவனம், ஐ.ஐ.டி., ஐசர் என்று உயர்கல்வி நிறுவனங்கள் வரிசையாக உள்ளன. திருமலை திருப்பதி தேவஸ்தானம் நடத்தும் கல்லூரிகளும் பள்ளிகளும் வேறு. இவற்றுடன் தனியார் பள்ளிகள், இன்டர்மீடியட் கல்லூரிகள், பயிற்சி மையங்கள் அனைத்தையும் சேர்த்தால், உத்தரவின்படி இரு மாவட்டங்களுக்கும் தேவைப்படும் ஆலோசகர்களின் எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் இருக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய ஆய்வு தேவையில்லை.

எல்லைக்கு அப்பால் இருக்கும் வாய்ப்பு

ஒருங்கிணைந்த ஆந்திரம் 2014-ல் பிரிந்தபோது ஐதராபாத்துடன் பல நிறுவனங்களும் தெலங்கானாவுக்குச் சென்றன. உஸ்மானியா பல்கலைக்கழகம், எர்ரகட்டாவில் உள்ள அரசு மனநல மருத்துவமனை, செகந்திராபாத்தில் உள்ள அறிவுசார் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் ஆகியவை அவற்றில் சில. ஆந்திரத்துக்கு எஞ்சிய பெரிய அரசு மனநல மருத்துவமனை விசாகப்பட்டினத்தில் உள்ளது. சித்தூரிலிருந்து அந்த ஊர் 700 கிலோமீட்டருக்கு மேல்.

மாறாக, சித்தூரிலிருந்து 40 கிலோமீட்டருக்குள் இருக்கிறது வேலூர். அங்கு பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. மனநல மையம், நோயாளியுடன் குடும்பத்தினரையும் தங்கவைத்துச் சிகிச்சை அளிக்கும் முறைக்குப் பெயர் பெற்றது. சென்னையும் பெங்களூரும் சில மணி நேரப் பயணத்தில் உள்ளன. 1954-ல் அகில இந்திய மனநல நிறுவனமாகத் தொடங்கி நாட்டின் முதல் மருத்துவ உளவியல் பயிற்சியை நடத்திய நிம்ஹான்ஸ் பெங்களூரில்தான் இருக்கிறது. அதாவது, சித்தூர் மாணவருக்கு அருகிலுள்ள பயிற்சி நிறுவனங்கள் யாவும் மாநில எல்லைக்கு அப்பால் உள்ளன. தேசிய நிறுவனங்களில் இடம் கிடைப்பது கடும் போட்டியைக் கடந்தே. தனியார் நிறுவனங்களில் கட்டணம் பெரிய தடை. மாநில அரசுக் கல்லூரிகளிலோ சொந்த மாநில மாணவர்களுக்கே முன்னுரிமை.

இந்த இடைவெளியைத்தான் அஞ்சல்வழிக் கல்வி ஓரளவு நிரப்பி வந்தது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் (இக்னோ) எம்.ஏ. உளவியல் படிப்பு நாடெங்கும் பிரபலம். தமிழகப் பல்கலைக்கழகங்களும் தொலைநிலைக் கல்வியில் உளவியலை நடத்தின. ஆசிரியப் பணியில் இருந்துகொண்டே படித்தவர்கள், திருமணத்துக்குப் பின் படிப்பைத் தொடர்ந்த பெண்கள், கல்லூரியில் வேறு பாடம் படித்துவிட்டுப் பின்னர் உளவியலில் நாட்டம் கொண்டவர்கள் ஆகியோருக்கு அது கைகொடுத்தது.

2025 ஜூலை-ஆகஸ்டு பருவம் முதல் இந்தப் படிப்புகளுக்குப் புதிய மாணவர்களைச் சேர்க்கக் கூடாது என்பது யுஜிசியின் உத்தரவு. பல பாடப் பிரிவுகள் கொண்ட பட்டப்படிப்பாக இருந்தால் உளவியல் பிரிவு மட்டும் நீக்கப்படும். 2021-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும் தொழில்களுக்கு நேரடிப் பயிற்சி அவசியம் என்பதே இதற்கு அடிப்படை. அந்த வாதத்தை எளிதில் மறுக்க முடியாது. மனம் உடைந்து எதிரே அமர்ந்திருப்பவரிடம் எப்படிப் பேசுவது, எதைப் பேசாமல் இருப்பது, எப்போது மருத்துவரிடம் அனுப்புவது என்பதையெல்லாம் தபாலில் வரும் பாடப் புத்தகம் கற்றுத் தராது. ஆனால் தரம் காக்க ஒரு வழியை மூடும் அரசு, அதற்கு ஈடாக நேரடிக் கல்வியில் இடங்களைப் பெருக்கியிருக்க வேண்டும். அது நடக்கவில்லை என்பதே இங்கு எழும் குறை.

மூன்று அமைச்சகங்கள், ஒரு மாணவர்

குழப்பத்தின் வேர் தில்லியின் நிர்வாகப் பிரிவினையில் இருக்கிறது. யுஜிசி கல்வி அமைச்சகத்தின் கீழ் உள்ளது. மருத்துவ உளவியலாளருக்கு அங்கீகாரம் தரும் மறுவாழ்வு கவுன்சில் சமூக நீதி அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. மற்ற உளவியலாளர்களுக்கான புதிய ஆணையம் சுகாதார அமைச்சகத்துக்கு உட்பட்டது. பள்ளிகளும் பெரும்பாலான கல்லூரிகளும் மாநில அரசுகளின் பொறுப்பு. ஒரே மாணவரின் எதிர்காலத்தை இத்தனை அலுவலகங்கள் தனித்தனியே தீர்மானிக்கின்றன.

எம்.பில். விவகாரம் இதற்குச் சரியான உதாரணம். புதிய கல்விக் கொள்கையின்படி எம்.பில். பட்டத்தை 2022 நவம்பரில் யுஜிசி கைவிட்டது. அது அங்கீகரிக்கப்பட்ட பட்டம் அல்ல, மாணவர்கள் சேர வேண்டாம் என்று 2023 டிசம்பரில் எச்சரிக்கையும் விடுத்தது. ஆனால் மருத்துவ உளவியலாளராவதற்கு நடைமுறையில் இருந்த பிரதான வழியே 2 ஆண்டு எம்.பில்.தான். மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் வரையறையிலும் அந்தச் சொல்லே உள்ளது. சில வாரங்களில் நிலைமையை உணர்ந்த யுஜிசி, மருத்துவ உளவியல், மனநல சமூகப் பணி ஆகிய இரண்டு பாடங்களுக்கு மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை விலக்கு அளித்தது.

எம்.பில். இடத்துக்கு வரும் புதிய பட்டங்களை மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்தால், சட்ட வரையறையின் முதல் பகுதியிலேயே அவை அடங்கிவிடும். சட்டச் சிக்கல் பெரிதாக இராது. சிக்கல் இடங்களின் எண்ணிக்கையில்தான். நோயாளிகளிடையே பயிற்சி தர வேண்டியிருப்பதால், மனநல மருத்துவப் பிரிவும் போதிய பேராசிரியர்களும் உள்ள நிறுவனமே இதை நடத்த முடியும். ஒரு பேராசிரியருக்கு இத்தனை மாணவர்கள்தான் என்ற வரம்பும் உண்டு. பட்டத்தின் பெயர் எப்படி மாறினாலும் இந்தத் தேவை மாறாது.

படிப்பவருக்கு என்ன காத்திருக்கிறது?

பிளஸ் 2 அல்லது இன்டர்மீடியட் முடிக்கும் மாணவர் உளவியலைத் தேர்ந்தெடுக்கலாமா என்பதற்கு, தேர்ந்தெடுக்கலாம், ஆனால் பாதை நீளமானது என்பதே நேர்மையான பதில். இளநிலையில் 3 அல்லது 4 ஆண்டுகள், முதுநிலையில் 2 ஆண்டுகள் வரை. நோயாளிகளுக்குச் சிகிச்சை அளிக்கும் பணிக்கு அதன் மேலும் மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த பயிற்சி தேவை. பி.ஏ. அல்லது பி.எஸ்சி. உளவியல் மட்டும் முடித்தவர் உளவியலாளராகி விடுவதில்லை. சேர விரும்பும் படிப்புக்கு மறுவாழ்வு கவுன்சிலின் அங்கீகாரம் உள்ளதா என்பதை அதன் பட்டியலில் பார்த்த பிறகே கட்டணம் செலுத்துவது நல்லது.

சிகிச்சைக்கு வெளியேயும் இத்துறைக்கு வேலை உண்டு. ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியங்களில் உளவியலாளர்கள் பணியாற்றுகின்றனர். தில்லியில் பாதுகாப்புத் துறைக்கென்றே உளவியல் ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று இயங்குகிறது. தடய அறிவியல், சிறைச்சாலை, சிறார் இல்லங்கள், சிறப்புப் பள்ளிகள், நிறுவனங்களின் மனிதவளப் பிரிவு, கல்லூரி ஆசிரியர் பணி ஆகியவையும் உள்ளன. குடிமைப் பணித் தேர்வில் விருப்பப் பாடமாகவும் உளவியல் இருக்கிறது.

ஆனால் அரசே உருவாக்கிய மனநலப் பணியிடங்களின் தன்மை இளைஞர்களை ஈர்ப்பதாக இல்லை. 1996-ல் நான்கு மாவட்டங்களில் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டம் இன்று நாடு முழுவதும் விரிந்துள்ளது. ஒவ்வொரு மாவட்டக் குழுவிலும் மனநல மருத்துவருடன் மருத்துவ உளவியலாளர், மனநல சமூகப் பணியாளர், செவிலியர் இருக்க வேண்டும் என்பது விதி. இந்தப் பணிகள் பெரும்பாலும் ஒப்பந்த அடிப்படையிலானவை. ஏழெட்டு ஆண்டுகள் படித்த ஒருவரை ஆண்டுதோறும் புதுப்பிக்கும் ஒப்பந்தத்தில் மாவட்டத் தலைநகரில் நிறுத்திவைக்க முடியாது. அவர் பெங்களூருக்கோ வெளிநாட்டுக்கோ சென்றால் அவரைக் குறை சொல்லவும் முடியாது.

மொழியும் ஒரு முக்கியக் காரணி. மனநல ஆலோசனைக்குக் கருவியும் மருந்தும் பேச்சே. ஆங்கிலத்தில் படித்துப் பெருநகரில் பழகிய ஆலோசகரைவிட, நகரியின் தமிழும் பீலேரின் தெலுங்கும் புரிந்த உள்ளூர்ப் பட்டதாரியே அந்த மண்ணின் மாணவனுக்குப் பயன்படுவார். வெளியிலிருந்து ஆள் கொண்டுவந்து இந்தத் தேவையை நிரப்ப முடியாது என்பதற்கு இதுவே போதிய காரணம்.

கைக்கெட்டும் தூரத்தில் தீர்வு

திருப்பதியில் தேவையான கூறுகள் யாவும் ஏற்கெனவே உள்ளன. வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை இருக்கிறது. அதே நகரில் அரசு எஸ்.வி. மருத்துவக் கல்லூரியும் அதனுடன் இணைந்த ரூயா பொது மருத்துவமனையும் இருக்கின்றன. பாடம் நடத்தும் துறை ஒரு நிர்வாகத்தின் கீழும், நோயாளிகள் வரும் மருத்துவமனை வேறொரு நிர்வாகத்தின் கீழும் உள்ளன. இரண்டையும் ஒரு ஒப்பந்தத்தால் இணைத்து, மறுவாழ்வு கவுன்சிலின் விதிகளுக்கு உட்பட்ட பயிற்சி இடங்களை உருவாக்கப் புதிய கட்டடமோ பெரிய நிதியோ தேவையில்லை. பேராசிரியர் பணியிடங்களை நிரப்பும் முடிவும், மூன்று அமைச்சகங்களும் மாநில அரசும் ஒரே மேஜையில் அமரும் முயற்சியும் போதும்.

பணியில் இருந்துகொண்டே படிப்போருக்கு, வகுப்பறைக் கல்வியுடன் மருத்துவமனைப் பயிற்சியையும் கட்டாயமாக்கிய மாலைநேர, வார இறுதிப் படிப்புகளை யுஜிசி அனுமதிக்கலாம். ஆலோசகருக்கான குறைந்தபட்சத் தகுதியையும் பதிவையும் புதிய ஆணையம் காலக்கெடு வைத்து அறிவிக்க வேண்டும். வேலைக்குத் தரமான ஊதியமும் நிரந்தரமும் இல்லாவிட்டால் இவை எதுவும் நிற்காது.

நீதிமன்றம் ஆணையிட்டும் ஆள் இல்லாமல் நின்றுபோன அனுபவம் மனநலத் துறைக்குப் புதிதல்ல. 2001 ஆகஸ்டு 6-ம் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயில் கருகியபோது, உச்ச நீதிமன்றம் தாமாகவே வழக்கை எடுத்துக்கொண்டு மாநிலங்களுக்கு உத்தரவுகள் பிறப்பித்தது. உரிமம் இல்லாத காப்பகங்கள் மூடப்பட்டன. ஆனால் அந்தக் குடும்பங்களின் ஊருக்கு அருகே மனநலப் பணியாளர்கள் கிடைக்கும் நிலை அந்த வேகத்தில் வந்துவிடவில்லை.

மாணவர் தற்கொலையைத் தடுக்கும் உத்தரவுக்கும் அதே கதி நேரக் கூடாது. எத்தனை நிறுவனங்களில் ஆலோசகர் நியமிக்கப்பட்டார் என்ற கணக்கை மாநிலங்கள் தில்லிக்கு அனுப்பும். அந்த ஆலோசகர் எங்கே படித்தார், யாரிடம் பயிற்சி பெற்றார் என்ற கணக்கையும் நீதிமன்றம் கேட்க வேண்டும். அப்படிக் கேட்கத் தொடங்கினால்தான் சித்தூர், திருப்பதி போன்ற மாவட்டங்களில் உளவியலைத் தேர்ந்தெடுக்க நினைக்கும் மாணவருக்குப் படிக்க இடமும், படித்த பின் வேலையும் சொந்த ஊரிலேயே கிடைக்கும்.